பழுது கருவியில் இல்லை

பிரேசில் நாட்டின் கோயானியா நகரில், 1987-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள், கைவிடப்பட்ட மருத்துவ நிலையம் ஒன்றினுள் இருவர் புகுந்தனர். புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியின் கனத்த பகுதியைக் கழற்றிச் சென்று, பழைய இரும்புக் கடையில் விற்றனர். அதனுள் இருந்ததோ சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருள்! இருளில் அது நீலமாய் ஒளிர்ந்தது. விந்தையென மகிழ்ந்த கடைக்காரர் உற்றார் உறவினருக்குக் காட்டினார். துகள்களைப் பகிர்ந்தும் அளித்தார்.

சில நாட்களிலேயே பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. காரணம் புலப்படவில்லை. கடைக்காரரின் மனைவிதான் அப்பொருளின் மீது முதலில் ஐயங்கொண்டார். அதைப் பையிலிட்டு, பேருந்தில் ஏறி, பொதுச் சுகாதார அலுவலகத்தில் சேர்ப்பித்தார்.

மறுநாள் இயற்பியலறிஞர் ஒருவர் கதிரியக்க அளவுக் கருவியொன்றை இரவல் பெற்று அங்கே சென்றார். அலுவலகத்தை அணுகுமுன்பே கருவி உச்ச அளவைக் காட்டிற்று. எத்திசையில் திருப்பினும் அவ்வாறே. பழுதுபட்ட கருவியென்று எண்ணித் திரும்பிச் சென்று, வேறொன்றைக் கொணர்ந்தார். அதுவும் அதையே கூறிற்று. பழுது கருவியில் இல்லை!

கதிரியக்கத்திற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ஐம்புலன்களுக்கும் எட்டாத அதனை இக்கருவிகள் எங்ஙனம் உணர்கின்றன? ஒருவகைக் கருவியில் படிகம் ஒன்று உள்ளது. கதிர் படுந்தோறும் அது நுண்ணிய ஒளியை உமிழ, கருவி அதனை எண்ணிக் கணக்கிடும். 1928-இல் உருவான கெய்கர்-முல்லர் கருவியிலோ, வாயு நிரம்பிய குழாயில் கதிர் நுழையுந்தோறும் மின்துடிப்பு எழும். அதுவே ‘டிக், டிக்’ என்று நம் செவியில் ஒலிக்கிறது.

மூன்றாவது வகையை எக்ஸ்-ரே கூடங்களில் நீங்களும் கண்டிருப்பீர்கள். ஊழியரின் மார்பில் அணியப்படும் சிறு வில்லை அது. அது உடனே எச்சரிப்பதில்லை. பட்ட கதிரைத் தன்னுள் சேமித்து வைக்கும். பின்னர் ஆய்வுக்கூடத்தில் அதனைச் சூடேற்றினால், ஏற்ற கதிருக்குத் தக்கவாறு ஒளிரும். அவ்வொளியை அளந்து, ஊழியர் பெற்ற கதிரளவைக் கணிப்பர். நம் நாட்டில் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பதே ஊழியருக்கு விதிக்கப்பட்ட வரம்பு.

கோயானியாவில் 1,12,000-க்கும் மேற்பட்டோர் கருவிகளால் சோதிக்கப்பட்டனர். 249 பேரிடம் கதிரியக்க மாசு காணப்பட்டது. நால்வர் மாண்டனர். அவர்களுள் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. மற்றொருவர், பையைச் சுமந்து சென்று நகரை விழிப்படையச் செய்த அந்த மனைவி.

கருவி உண்மையைச் சொல்லும். ஆனால் அதனை உரிய இடத்திற்குக் கொண்டு செல்ல ஓர் உள்ளம் வேண்டும். மஞ்சள் நிறத்தில் மூவிதழ்ச் சின்னம் பொறித்த பொருள் எங்கேனும் கிடந்தால் தொடாதீர்கள்; விலகி நின்று காவல் துறையினருக்குத் தெரிவியுங்கள். இதனை உங்கள் இல்லத்துச் சிறுவர்க்கும் இன்றே சொல்லி வையுங்கள்.