ஊசி போட்டுக்கொண்டே ஓடலாம்!

1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நடந்த இந்தியா - பாகிஸ்தான் டெஸ்ட் பலருக்கு நினைவிருக்கும். டெண்டுல்கர் 136 ரன் எடுத்தும் 12 ரன்னில் தோற்றோம். ஆனாலும் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினார்கள். அந்த அணியின் கேப்டன் வாசிம் அக்ரம் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு ஆடியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1997-ல், முப்பதை ஒட்டிய வயதில் அவருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. அவர் ஆட்டத்தை விடவில்லை. 2003 உலகக் கோப்பையில், ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் எடுத்த முதல் வீரர் ஆனார். ஓய்வு பெற்ற பிறகு, நீரிழிவு பற்றி ஊர் ஊராக எடுத்துச் சொல்வதையும் தன் வேலையாக்கிக் கொண்டார்.

இதை ஏன் சொல்கிறேன்? வேடசந்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம் என்று திண்டுக்கல்லைச் சுற்றி எங்கே போனாலும், சாயங்காலம் கபடி ஆடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அப்படி ஆடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று இளைக்கும். அடங்காத தாகம், ராத்திரியில் நாலைந்து தடவை சிறுநீர், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவு. சோதித்தால் ரத்தத்தில் சர்க்கரை 400! உடனே பெற்றோர் எங்களைப் போன்ற சித்த வைத்தியர்களிடம் வருகிறார்கள்.

"அய்யா, காலமெல்லாம் ஊசி போடணுமாம். மூலிகை ஏதாச்சும் குடுத்து நிப்பாட்டி விடுங்க. விளையாட்டையும் நிறுத்திட்டோம்."

இரண்டுமே தவறு. ஊசியையும் நிறுத்தக்கூடாது, விளையாட்டையும் நிறுத்த வேண்டியதில்லை.

மூலிகை ஏன் போதாது?

பெரியவர்களுக்கு வரும் நீரிழிவில் கணையம் கொஞ்சமாவது இன்சுலினைச் சுரக்கும். அங்கே ஆவாரம்பூ, நாவல் கொட்டை, சிறுகுறிஞ்சான் போன்றவை ஓரளவு துணை செய்யும். பிள்ளைகளுக்கு வரும் முதல் வகை அப்படியல்ல. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. ஊற்று தூர்ந்த கிணற்றில் எந்த மோட்டாரைப் போட்டு என்ன செய்வது? தண்ணீரை வெளியிலிருந்துதான் கொண்டு வரவேண்டும்.

1922-ல் கனடாவின் டொரண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் ஓரிரு வருடங்களில் இறந்து போனார்கள். ஊசியை நிறுத்தினால் இன்றைக்கும் அதே கதிதான். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு, வாயில் பழ வாடை வந்தால் அரை நாள்கூடக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகவே கிடைக்கிறது.

களத்தில் இறங்கும் முன்

* ஆடும் முன் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு இறங்கலாம். 250-ஐத் தாண்டி, சிறுநீரில் கீட்டோனும் இருந்தால் அன்று விளையாட்டு வேண்டாம்.

* ஓடப் போகும் முன் தொடையில் ஊசி போட்டால் மருந்து வேகமாக ரத்தத்தில் சேரும். வயிற்றில் போடுவது நல்லது.

* நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, தடுமாற்றம் என்றால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

* கடுமையாக ஆடிய நாளில் நடு ராத்திரியிலும் சர்க்கரை இறங்கலாம். படுக்கும் முன் ஒரு சோதனை அவசியம்.

* நம்ம ஊர் வெயிலில் இன்சுலின் கெட்டுவிடும். ஃபிரிட்ஜ் இல்லையா? ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல் டப்பாவில் போட்டு வையுங்கள்.

* டாக்டருக்குத் தெரியாமல் எங்கள் சூரணத்தையும் சேர்க்காதீர்கள். ஊசியோடு சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும்.

மறைக்காதீர்கள்

பொம்பளைப் பிள்ளை என்றால், "நாளைக்கு யாரு கட்டுவா?" என்று வீட்டுக்குள்ளேயே மூடி வைக்கிறார்கள். நோயைவிட இந்த ஒளிவுமறைவுதான் பிள்ளையை அதிகம் வாட்டுகிறது. கூட ஆடுகிறவர்களுக்கும் பி.டி. மாஸ்டருக்கும் கட்டாயம் தெரிய வேண்டும். களத்தில் மயங்கினால் முதலில் ஓடி வருகிறவர்கள் அவர்கள்தானே!

அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியருக்கு 1999-ல் இதே நோய் வந்தது. 'இனி நீந்த முடியாது' என்றார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கிலும் 2004 ஏதென்ஸிலும் 50 மீட்டரில் தங்கம் வாங்கினார். நீரிழிவு உள்ளவர்களுக்காகவும் பேசினார்.

எல்லாப் பிள்ளைக்கும் பதக்கம் கிடைக்காது. ஆனால் தன் ஊசியைத் தானே போட்டு, தன் கணக்கைத் தானே பார்த்து ஆடும் பிள்ளை, புதிதாக இந்த நோய் வந்த இன்னொரு பிள்ளைக்கு, "பயப்படாதே, நானும் போடுறேன்" என்று காட்டிக் கொடுக்கலாம். அந்தத் தைரியத்தை டாக்டராலும் வைத்தியராலும் அவ்வளவு எளிதாகக் கொடுத்துவிட முடியாது. பெற்றோரே, பிள்ளையின் பையில் ஊசியையும் குளுக்கோஸையும் வைத்து அனுப்புங்கள். மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.