பன்றிக்கு வைத்த கம்பி, எலிக்கு வைத்த நஞ்சு: கண்டியில் நாயையும் பூனையையும் காப்பது எப்படி?

மரக்கறித் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கம்பிச் சுருக்கு காட்டுப்பன்றிக்கு வைத்தது. அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும் நஞ்சு எலிக்கு வைத்தது. மேசையில் கிடக்கும் பனடோல் மனிதருக்கு வாங்கியது. இவற்றில் எதுவும் வீட்டு நாய்க்கோ பூனைக்கோ வைத்ததல்ல. ஆனாலும் மாட்டிக்கொள்வது பல வேளைகளில் அவைதான்.

யுத்தம் நடந்த மண்ணிலிருந்து வந்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. யாரையோ நினைத்துப் புதைத்த மிதிவெடி, மேயப்போன மாட்டின் காலையும் எடுத்தது. வைத்தவர் யாரை நினைத்து வைத்தார் என்பது வெடிக்குத் தெரியாது. நஞ்சுக்கும் கம்பிக்கும் அது தெரியாது.

படிப்புக்காகவும் வேலைக்காகவும் வடக்கு கிழக்கிலிருந்து வந்து பேராதனையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் பல. தனிமைக்குத் துணையாக ஒரு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ அந்த வீடுகளுக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு அது இன்னொரு உடன்பிறப்பு. ஆனால் வன்னியின் சமதரையில் நாய் வளர்த்த அனுபவம் இந்த மலைச்சரிவில் முழுமையாகப் போதாது. இங்குள்ள ஆபத்துகள் சில வேறு. தோட்டத்து லயன்களில் இருப்பவர்களுக்கு அவற்றில் பல பழகிப்போனவை. பழகிப்போனதாலேயே கவனம் குறைந்தும் போகிறது.

கம்பிச் சுருக்கு

தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய மரக்கறித் துண்டுகளில் காட்டுப்பன்றி ஓர் இரவிலேயே பயிரை உழுது போட்டுவிடும். கடன் வாங்கிப் பயிரிட்டவர் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பன்றி வரும் தடத்தில் பிரேக் கேபிள் போன்ற கம்பியால் சுருக்கு வைக்கிறார். ஒரு முனை மரத்திலோ முளையிலோ கட்டப்பட்டிருக்கும். மறுமுனை வளையமாகத் தொங்கும். விலங்கு முன்னோக்கி இழுக்க இழுக்க அது இறுகும். தானாகத் தளராது.

2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் இப்படியொரு சுருக்கில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சை அளித்தார்கள். சில நாட்களில் அது இறந்துபோனது. வெளியே தெரியும் காயத்தைவிட உள்ளே ஏற்படும் சேதம் பெரிது என்பதற்கு அது சாட்சி. கம்பி இறுகிய இடத்தில் இரத்த ஓட்டம் நின்று தசை சாகத் தொடங்கும். கம்பியை எடுத்த பிறகும் அந்தச் சேதம் தொடரும். எனவே சுருக்கிலிருந்து தப்பி வந்த நாய் நன்றாக நடக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. அன்றே மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நாய் சுருக்கில் மாட்டியிருந்தால் அதை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். கண்களை மறைக்கும்படி தலையில் ஒரு சாக்கைப் போடுங்கள். மூச்சு அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் நாயைத் தூக்கிக் கம்பி கட்டியிருக்கும் பக்கமாக நகர்த்தினால் இறுக்கம் குறையும். மற்றவர் முளைக்கு அருகில் கம்பியை வெட்டலாம். தோலுக்குள் புதைந்த வளையத்தை வீட்டில் பிடுங்க வேண்டாம். சிக்கியிருப்பது காட்டு விலங்கு என்றால் கிட்டப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

பன்றிக்கு வைக்கும் இன்னொன்று, ஹக்கபட்டாஸ் எனப்படும் வெடி. இரைக்குள் மறைத்து வைப்பார்கள். கடித்தவுடன் வாயில் வெடிக்கும். இரையின் வாசத்துக்கு நாயும் போகும். புதர்ப் பக்கம் நடக்கும்போது நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்வதே வழி. அயலில் பயிர் செய்பவரிடம் சண்டைக்குப் போகாமல், எங்கள் வீட்டில் நாய் இருக்கிறது, எந்தப் பக்கம் விடக் கூடாது என்று கேட்டுவைப்பதும் பயன் தரும்.

எலி நஞ்சும் பூச்சிநாசினியும்

கடைகளில் கிடைக்கும் எலி நஞ்சுகளில் பல இரத்தம் உறைவதைத் தடுப்பவை. இரத்தம் உறைவதற்கு உடலுக்கு விற்றமின் கே வேண்டும். இந்த நஞ்சு அதன் வேலையை நிறுத்திவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே உடலில் இருக்கும் உறைபொருட்கள் சில நாட்கள் தாக்குப்பிடிக்கும். அதனால் நஞ்சு தின்ற நாய் முதல் இரண்டு நாளும் வழமைபோல விளையாடும். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் அளவில்தான் சோர்வு, வெளிறிய முரசு, மூக்கில் இரத்தம், மூச்சுத் திணறல் எல்லாம் தொடங்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தின்றதைக் கண்ணால் கண்டும், ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிடுகிறார்கள். தின்ற அன்றே கொண்டுபோனால் வைத்தியர் வாந்தி எடுக்கச் செய்து நஞ்சின் பெரும்பகுதியை வெளியேற்ற முடியும். பிறகு விற்றமின் கே1 மருந்தைச் சில வாரங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். நஞ்சு தின்று செத்த எலியைப் பூனை தின்றாலும் இதே ஆபத்து உண்டு.

மரக்கறிக்கு அடிக்கும் பூச்சிநாசினி இதற்கு நேர்மாறு. சில வகைகள் சில நிமிடங்களிலோ சில மணித்தியாலங்களிலோ வேலையைக் காட்டும். எச்சில் ஒழுகும், கண்ணீர் வரும், தசைகள் துடிக்கும், வலிப்பு வரும். தெளிக்கும் கருவியைக் கழுவிய தண்ணீர் வாளியில் நின்றாலே போதும், தாகத்தில் வரும் நாய் குடித்துவிடும். மிச்ச மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நாய்க்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் எமன்.

ஒரு பனடோல்

பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோலில் பாதியை உடைத்துக் கொடுப்பவர்கள் அன்பினால்தான் கொடுக்கிறார்கள். ஆனால் மனிதரின் ஈரல் அந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் முறை பூனையின் ஈரலில் மிகக் குறைவு. மருந்து நஞ்சாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கிறது. முரசு நீலமாகவோ கபிலமாகவோ மாறும். முகமும் பாதங்களும் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லக்கூடும். பாதி என்பதும் பாதுகாப்பான அளவல்ல. நாய்களுக்கும் மனிதரின் வலிநிவாரணிகளைக் கொடுக்கக் கூடாது. இபுபுரூஃபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கும் பூசுவது இன்னோர் ஆபத்து. அவற்றில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் நாய்க்குத் தாங்கும். பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும். சமையலறையில் சொக்லட், வெங்காயம், உள்ளி, முந்திரிகைவற்றல் ஆகியவற்றையும் எட்டாத இடத்தில் வையுங்கள். வெங்காயமும் உள்ளியும் போட்ட கறிக்குழம்பைச் சோற்றில் பிசைந்து நாளாந்தம் வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. அவை சிவப்பு இரத்தக் கலங்களைச் சிதைப்பவை.

சருகுக்குள் இருக்கும் விரியன்

தேயிலை, கோப்பி, கறுவா நிற்கும் ஈரமான நிலத்தில், உதிர்ந்த சருகுக்குள் சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் சிறிய பாம்பு கோப்பி விரியன். ஒரு முழ நீளம்கூட இருக்காது. மோப்பம் பிடித்துக்கொண்டு போகும் நாயை மூக்கிலோ முன்காலிலோ கடிக்கும். கடித்த இடம் வீங்கும். சில வேளைகளில் சிறுநீரகமும் பாதிக்கப்படும். இலங்கையில் பயன்படும் இந்தியப் பாம்புவிஷ முறிமருந்து நாகம், எண்ணெய் விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகத் தயாரிக்கப்பட்டது. கோப்பி விரியனுக்கு அது வேலை செய்யாது. எனவே வைத்தியர் செய்யக்கூடியது வலியைக் குறைத்து, சேலைன் கொடுத்து, சிறுநீரகத்தைக் கவனித்துக் காப்பாற்றுவதுதான்.

கடித்த இடத்தைக் கீறுவதும், இறுக்கிக் கட்டுவதும், சுண்ணாம்பு பூசுவதும் கெடுதலையே செய்யும். நாயை நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். வீட்டு வாசலிலும் நாய் படுக்கும் இடத்திலும் சருகையும் விறகையும் குவிய விடாதீர்கள்.

உண்ணியும் விசரும்

மழைக்காடும் புல்லும் நிறைந்த இடத்தில் உண்ணியைச் சிறிய தொல்லை என்று நினைக்கிறோம். அது இரத்தத்தை உறிஞ்சுவதோடு பபேசியா போன்ற ஒட்டுண்ணிகளையும் உடலுக்குள் விட்டுவிடும். காய்ச்சல், உணவில் வெறுப்பு, வெளிறிய முரசு, சாயத் தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகியவை கண்டால் இரத்தப் பரிசோதனை தேவை. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தினமும் கையால் தடவிப் பாருங்கள்.

விசர்நாய்க்கடி நோயால் 1973 ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அந்தத் தொகை இருபது, முப்பது என்ற அளவுக்குக் குறைந்ததற்கு நாய்களுக்குப் போட்ட தடுப்பூசி முக்கிய காரணம். அரசின் விசர்நோய்த் தடுப்பூசி இலவசம். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்தால் எப்போது, எங்கே என்று தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை போட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பூனைக்கும் போட வேண்டும். உங்கள் பிராணி யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

முதல் மணித்தியாலம்

நஞ்சு தின்ற பிராணிக்குப் பால், புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர், தேங்காயெண்ணெய் என்று நம் வீடுகளில் பலவற்றைப் பருக்குவார்கள். உப்பே ஒரு நஞ்சாகலாம். எண்ணெயும் பாலும் சில நஞ்சுகள் உடலில் சேர்வதை விரைவுபடுத்தும். மண்ணெண்ணெயோ அமிலமோ குடித்த பிராணியை வாந்தி எடுக்க வைத்தால் தொண்டை இரண்டாவது முறையும் வேகும், நுரையீரலுக்குள்ளும் போகும். மயங்கிக் கிடக்கும் பிராணியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

செய்ய வேண்டியவை மூன்றே. தின்றதன் மிச்சத்தை அப்புறப்படுத்துங்கள். தோலில் மருந்து பட்டிருந்தால் கையுறையோ பொலித்தீன் பையோ அணிந்து கழுவுங்கள். பெட்டியை, போத்தலை, மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறுங்கள்.

அந்தப் பெட்டி முக்கியம். சிங்களத்தில் விளக்கிச் சொல்ல முடியாமல் போய்விடுமோ என்ற தயக்கத்தில் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்து பிராணியைப் பறிகொடுப்பதும் நடக்கிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்தாலே வைத்தியருக்குப் பாதி விடயம் புரிந்துவிடும். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதை ஒரு தாளில் இலக்கத்தில் எழுதிக் காட்டினால் மீதியும் புரியும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. பிரதேசங்களில் அரச கால்நடை வைத்திய அலுவலகங்களும் இருக்கின்றன. தேவை வருமுன்பே அருகிலுள்ளதன் தொலைபேசி இலக்கத்தையும் திறந்திருக்கும் நேரத்தையும் கேட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

காவலுக்குக் கட்டிய சங்கிலி

கடைசி ஆபத்து நாம் நேரடியாக நாயின் கழுத்தில் மாட்டுவது. வீட்டுக் காவலுக்காகக் கட்டிய சங்கிலி, ஓட வேண்டிய நேரத்தில் நாயை ஓட விடாது. நக்கிள்ஸ் மலையை ஒட்டிய தோட்டங்களிலும் துனுமடலாவைக் காட்டுப் பக்கத்திலும் சிறுத்தை உண்டு. இரவில் வெளியே கட்டிய நாய் அதற்கு எளிய இரை. இரவில் நாயை உள்ளே, அல்லது கதவுள்ள கூட்டில் படுக்க வையுங்கள். தீபாவளி வெடிக்கும் இது பொருந்தும். வெருண்டு ஓடும் நாய் சங்கிலியில் தன் கழுத்தையே நெரித்துக்கொள்ளும்.

அடுத்தது மண்சரிவு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது கண்டி மாவட்டம். இனி வரும் மழைக்காலங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை சிவப்பாக மாறினால் மனிதர் உடனே வெளியேற வேண்டும். அதில் இரண்டாவது யோசனைக்கு இடமில்லை. அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. முகாமாகும் பாடசாலையில் நாயை விடுவார்களா என்பது நிச்சயமில்லை. எனவே மஞ்சள் எச்சரிக்கை வரும்போதே, பாதுகாப்பான இடத்தில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் பேசி வையுங்கள். பூனைக்கு ஒரு கூடை, நாய்க்கு ஒரு கயிறு, தடுப்பூசி அட்டை, கைத்தொலைபேசியில் ஒரு படம் ஆகியவை தயாராக இருக்கட்டும்.

கொண்டுபோகவே முடியாத நிலை வந்தால், கட்டியதை அவிழ்த்து, கூட்டைத் திறந்துவிட்டுப் போங்கள். 1995 இலும் 2009 இலும் வீட்டை விட்டுப் புறப்பட்ட நம்மவர்கள் பலர், எதை எடுப்பது என்று தெரியாத அந்த நேரத்திலும் பட்டியைத் திறந்து மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டே நடந்தார்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும். கயிற்றின் முடிச்சை இருட்டிலும் அவிழ்க்கக்கூடியதாக இன்றே மாற்றிக் கட்டுங்கள்.