டெல்லி பல்கலை ஆங்கிலப் பாடத்திட்டம்: பாமா, சுகிர்தராணி நீக்கப்பட்டது எப்படி?

ஆங்கில இலக்கிய வகுப்பில் எந்தப் புத்தகம் இருக்கணும்னு யார் முடிவு செய்றாங்க? 2021 ஆகஸ்ட்டில் டெல்லி பல்கலைக்கழகத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. பி.ஏ. ஆனர்ஸ் ஐந்தாம் செமஸ்டரின் பெண் எழுத்து தாளிலிருந்து பாமாவின் 'சங்கதி', சுகிர்தராணியின் கவிதைகள், மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' நீக்கப்பட்டன.

என்ன நடந்தது?

வழக்கமா துறை ஆசிரியர்கள் தயாரிக்கும் பாடத்திட்டம், கல்விக் குழு ஒப்புதலுக்குப் போகும். இங்கே நடுவில் ஒரு மேற்பார்வைக் குழு மாற்றங்களைச் செய்தது. கல்விக் குழுவில் 15 பேர் எதிர்ப்பைப் பதிவு செய்தும் மாற்றம் நிறைவேறியது. நடைமுறைப்படியே செய்ததாக பல்கலைக்கழகம் சொன்னது.

ஏன் முக்கியம்?

தமிழ் தெரியாத மாணவருக்கு பாமா மொழிபெயர்ப்பில்தான் அறிமுகமாகிறார். பாடத்திட்டத்தில் இல்லாதது தேர்வில் வராது; தேர்வில் வராததை நடத்த வகுப்பில் நேரமும் இருக்காது.