வீட்டுச் சூடேற்று உலை

வீட்டுச் சூடேற்று உலை என்பது குளிர்காலத்தில் காற்றைச் சூடாக்கி, காற்றுக் குழாய்களின் வழியே அறைகளுக்கு அனுப்பும் கருவி ஆகும். பேச்சுவழக்கில் ஃபர்னஸ் எனப்படும் இது கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பரவலாகப் பயன்படுகிறது. பெரும்பாலும் நிலவறையில் நிறுவப்பட்டு, இயற்கை எரிவளியால் இயங்குகிறது. கடுங்குளிரில் உலை நின்றுபோனால் வீடு விரைவில் குளிர்ந்துவிடும். குழாய்களிலுள்ள நீர் உறைந்து விரிவதால் அவை வெடிப்பதும் உண்டு. எனவே உலையின் பொதுவான பழுதுகளை அறிந்திருப்பது பயனுள்ளது.

இயங்கும் முறை

அறையின் வெப்பநிலை குறைந்ததும், சுவரிலுள்ள தெர்மோஸ்டாட் 24 வோல்ட்டு மின்சுற்றின் வழியே உலைக்குக் குறிப்பலை தருகிறது. முதலில் புகைபோக்கும் சிறுவிசிறி சுழலும். புகைவழி திறந்துள்ளதை அழுத்த நிலைமாற்றி உறுதிசெய்த பின்னரே பற்றவைப்பான் செஞ்சூடாகி, எரிவளி வால்வு திறக்கும். சுடர் வெப்பப் பரிமாற்றியைச் சூடாக்கிய சிறிது நேரம் கழித்து ஊதுவிசிறி இயங்கும். இவ்வரிசையில் ஒரு படி தவறினாலும் அடுத்த படி நிகழாது. ஆகவே, உலை எந்தப் படியில் நிற்கிறது என்று கவனிப்பதே பழுதறிதலின் முதல் வேலை. பல உலைகளின் மின்சுற்றுப் பலகையில் ஒரு சிறுவிளக்கு பழுதுக்கேற்ப எண்ணி மின்னும். அதன் பொருள் உலைக் கதவின் உட்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

உலை தொடங்காதிருத்தல்

காரணம் பெரும்பாலும் எளியது. தெர்மோஸ்டாட்டின் மின்கலம் தீர்ந்திருக்கலாம். உலையின் அருகிலுள்ள சுவிட்சு சாதாரண விளக்குச் சுவிட்சைப் போலவே இருப்பதால், யாரேனும் தவறுதலாக அதை அணைத்திருக்கலாம். வடிகட்டியை மாற்றியபின் கதவு சரியாகப் பொருந்தாவிட்டால், அதன் பின்னுள்ள காப்பு நிலைமாற்றி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். தொழிலாளரை அழைக்கும் முன் இம்மூன்றையும் பார்ப்பது செலவை மிச்சப்படுத்தும்.

அடிக்கடி நின்று தொடங்குதல்

அழுக்கடைந்த காற்று வடிகட்டி இதன் முதன்மைக் காரணம். காற்றோட்டம் குறைவதால் வெப்பப் பரிமாற்றி மிகுதியாகச் சூடாகி, வெப்ப எல்லை நிலைமாற்றி சுடரை அணைத்துவிடும். ஓர் அங்குலத் தடிப்புள்ள வடிகட்டிகளை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்.

பற்றியவுடன் அணைதல்

சுடர் தோன்றிச் சில நொடிகளில் அணைந்து, மீண்டும் பற்றி, மீண்டும் அணைந்தால், பெரும்பாலும் சுடர் உணரியில் படிவு ஏற்பட்டுள்ளது எனலாம். சுடரில் உள்ள அயனிகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. அதுவும் ஒரு திசையில் கூடுதலாகக் கடத்துகின்றன. இதனால் உண்டாகும், சில மைக்ரோ ஆம்பியர் அளவேயான நேர்மின்னோட்டத்தைக் கொண்டே பலகை சுடர் இருப்பதை அறிகிறது. உணரித் தண்டின் மீது மெல்லிய படிவு இருந்தாலும் மின்னோட்டம் குறைந்துவிடும். சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே அது இல்லை எனக் கருதி, பலகை எரிவளியை நிறுத்திவிடும். சில முயற்சிகளுக்குப் பின் உலை தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். மின்சாரத்தையும் எரிவளியையும் நிறுத்திய பின், தண்டை மெல்லிய எஃகுக் கம்பளியால் துடைத்தால் இப்பழுது நீங்குவது வழக்கம்.

90 விழுக்காட்டுக்கு மேல் திறனுள்ள உலைகளில் புகையிலுள்ள நீராவி ஒடுங்கி நீராக வெளியேறும். அவ்வடிகுழாய் அடைபட்டாலோ, வெளிச்சுவரிலுள்ள நெகிழிப் புகைக்குழாயைப் பனி மூடினாலோ அழுத்த நிலைமாற்றி உலையை இயங்கவிடாது. நிலைமாற்றியை இணைகம்பியால் தாண்டிச் செல்வது மிகவும் ஆபத்தானது.

நச்சு வளிமம்

எரிவளி வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறி, வெளியிலிருந்தே எரிவளி நிறுவனத்தை அழைக்க வேண்டும். ஆனால் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையோ நிறமோ இல்லை. வெப்பப் பரிமாற்றி வெடித்திருந்தாலோ புகைவழி அடைபட்டாலோ அது வீட்டினுள் பரவக்கூடும். நீலத்துக்கு மாறாகச் சோம்பலாக எரியும் மஞ்சள் சுடர் ஓர் எச்சரிக்கை. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை வீட்டைவிட்டு வெளியே சென்றதும் குறைந்தால் இவ்வளிமத்தை ஐயுற வேண்டும்.

2008 இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள உட்சுடாக் நகரில், எரிவளிக் கணப்பின் புகைவழி அடைபட்டதால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் உயிரிழந்தனர். இதன் விளைவாக 2013 இல் சட்டம் நிறைவேறியது. எரிபொருள் கருவிகள் உள்ள வீடுகளில், படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்துவது 2014 இல் கட்டாயமாக்கப்பட்டது. இக்கருவிகளுக்கும் ஆயுட்காலம் உண்டு. அது முடியும் ஆண்டு பெரும்பாலும் கருவியின் பின்புறத்தில் குறிக்கப்பட்டிருக்கும்.