மழைத்துளியும் காற்றின் தடையும்

விழும் பொருள் ஒவ்வொரு நொடியிலும் தன் வேகத்தை நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் பெருக்கிக்கொண்டே போகும் என்று பள்ளியிலே படிக்கிறோம். அந்த விதியை மழைத்துளிக்குப் பொருத்திப் பார்ப்போமா? 2 கிலோமீட்டர் உயரத்திலுள்ள மேகத்திலிருந்து ஒரு துளி புறப்படுகிறது என்று கொள்வோம். கணக்கின்படி அது 20 நொடிகளில் தரையை அடைய வேண்டும். அப்பொழுது அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 200 மீட்டர். அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல்! அத்தகைய மழையில் வாழையிலை தாங்குமா? நாற்றங்கால் பிழைக்குமா? குடையை நம்பி வெளியே செல்லத்தான் முடியுமா?

ஆனால் உண்மையில் மிகப் பெரிய மழைத்துளியும் நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில்தான் விழுகிறது. கணக்கு சொல்வதற்கும் கண்ணெதிரே நிகழ்வதற்கும் இடையே 22 மடங்கு வேறுபாடு. மோதும் ஆற்றலோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. ஆகவே அதில் ஏறக்குறைய 480 மடங்கு வேறுபாடு இருக்கிறது. இந்தப் பெரும் ஆற்றலை நம் தலைக்கு மேலேயே வாங்கிக்கொண்டு நம்மைக் காப்பது எது? கண்ணுக்குத் தெரியாத காற்றுதான்.

காற்றும் ஒரு பொருளே. அதற்கும் எடை உண்டு. விழும் பொருள் தன் வழியிலுள்ள காற்றை ஒதுக்கித் தள்ளிக்கொண்டுதான் கீழே வர வேண்டும். தள்ளப்படும் காற்று அப்பொருளை எதிர்த்துத் தள்ளுகிறது. இதுவே காற்றின் தடை. வேகம் மிகுந்தால் தடையும் மிகும். மழைத்துளி போன்றவற்றுக்கு வேகம் இரட்டித்தால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது.

துளி புறப்படும்பொழுது தடை மிகச் சிறிது. எனவே வேகம் விரைந்து வளர்கிறது. வேகம் வளர வளரத் தடையும் வளர்கிறது. ஒரு கட்டத்தில், கீழே இழுக்கும் எடையும் மேலே தள்ளும் தடையும் சமமாகிவிடுகின்றன. அப்பொழுது துளி நின்றுவிடும் என்று சிலர் எண்ணலாம். அது சரியன்று. விசைகள் சமமாகும்பொழுது வேகம் மறைவதில்லை, மாறாமல் இருக்கிறது. இது நியூட்டனின் முதல் விதி அன்றோ? இந்த மாறா வேகத்தை முற்றுத் திசைவேகம் என்பர். பெரிய மழைத்துளி ஏறக்குறைய 20 மீட்டர் விழுவதற்குள் இதனை எட்டிவிடும். எஞ்சிய தொலைவு முழுவதும் அதே வேகந்தான்.

இதனைச் சோதித்தவர்களுள் நியூட்டனும் ஒருவர். 1710ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் தூய பவுல் பேராலயத்தில், 220 அடி உயரத்திலிருந்து கண்ணாடிக் கோளங்கள் விழவிடப்பட்டன. பாதரசம் நிரப்பிய சிறு கோளங்கள் ஏறக்குறைய 4 நொடிகளில் தரையை அடைந்தன. காற்று மட்டுமே அடங்கிய பெரிய கோளங்களுக்கு 8 நொடிகளுக்கு மேல் ஆயிற்று. புவியீர்ப்பு இரண்டுக்கும் ஒன்றே. ஆயினும் பருமனில் பெரிதாய், எடையில் குறைந்த கோளத்தைக் காற்று எளிதில் தடுத்துவிட்டது.

இங்கே ஓர் அரிய உண்மை இருக்கிறது. துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் அதன் எடை எட்டு மடங்காகிறது. காற்றை எதிர்கொள்ளும் பரப்போ நான்கு மடங்குதான் ஆகிறது. எனவே பெரிய துளி விரைந்து விழும். சிறிய துளி மெல்ல விழும். 1949இல் கன், கின்சர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இவ்வேகங்களை நுட்பமாக அளந்தனர். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளியின் வேகம் நொடிக்கு 4 மீட்டர். 2 மில்லிமீட்டர்த் துளிக்கு 6.5 மீட்டர், 5 மில்லிமீட்டர்த் துளிக்கு 9 மீட்டர். மேகத்திலுள்ள நுண்துளியோ 0.02 மில்லிமீட்டர் விட்டமே உடையது. அது நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே இறங்கும். அசையாத காற்றில் ஒரு கிலோமீட்டர் இறங்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மேலெழும் மெல்லிய காற்றே அதனைத் தாங்கப் போதுமானது. மேகம் மிதப்பது போலத் தோன்றுவதன் காரணம் இதுவே.

அப்படியானால் துளி மேலும் மேலும் பெரிதாகி, மேலும் மேலும் விரைந்து விழலாகாதா? அதற்கும் காற்றே எல்லை வகுக்கிறது. பெரிய துளி, ஓவியத்தில் காண்பது போலக் கண்ணீர்த்துளி வடிவில் இருப்பதில்லை. எதிர்க்காற்றின் அழுத்தத்தால் அதன் அடிப்புறம் தட்டையாகிறது. அளவு மிஞ்சினால் அது உடைந்து சிறு துளிகளாகச் சிதறுகிறது.

ஆனால் நீர் உறைந்து பனிக்கட்டியாகிவிட்டால் இந்தக் காப்பு நமக்கு இல்லை. ஆலங்கட்டி உடைவதில்லை, பருத்துக்கொண்டே போகலாம். கிரிக்கெட் பந்தின் அளவுடைய ஆலங்கட்டி நொடிக்கு 30 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழக்கூடும். 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், வட இந்தியாவின் மொராதாபாத் பகுதியில் பெய்த ஆலங்கட்டி மழை 246 உயிர்களைப் பறித்தது. வானிலிருந்து வந்தது அதே நீர்தான். தடுத்ததும் அதே காற்றுதான். பருமனும் உறுதியும் மாறியதால் விளைவு மாறிவிட்டது.

இந்தத் தடையை மனிதன் தன் காப்புக்கும் பயன்படுத்திக்கொண்டான். வானிலிருந்து குதிப்பவர் கைகால்களை விரித்து விழும்பொழுது வேகம் நொடிக்கு ஏறக்குறைய 55 மீட்டர். வான்குடை விரிந்து, காற்றை எதிர்கொள்ளும் பரப்புப் பெருகியதும், அது 5 அல்லது 6 மீட்டராகக் குறைந்துவிடுகிறது. 1960இல் ஜோசப் கிட்டிங்கர் என்னும் அமெரிக்கர் 31 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். அங்கே காற்று மிகவும் மெலிந்திருந்ததால் அவருடைய வேகம் மணிக்கு 980 கிலோமீட்டரைத் தாண்டியது. அடர்ந்த காற்றுக்குள் இறங்க இறங்க, அதுவே அவர் வேகத்தைக் குறைத்தது.

காற்றே இல்லாத இடத்தில் என்ன நிகழும்? 1971இல் அப்பொல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவில் நின்று, ஒரு சுத்தியலையும் பருந்தினத்துப் பறவையின் இறகையும் ஒருங்கே விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. ஆகவே நாம் பள்ளியில் படித்த விதி பொய்யன்று. அது வெற்றிடத்துக்கு உரிய விதி. நாம் வாழ்வதோ காற்றுக் கடலின் அடியிலே. ஒரு விதியைக் கற்கும்பொழுது, அது எந்த நிலையில் பொருந்தும் என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும். அடுத்த முறை மழை பெய்யும்பொழுது கையை நீட்டிப் பாருங்கள், மாணவர்களே! உள்ளங்கையில் மெல்லென விழும் ஒவ்வொரு துளியும் இந்த உண்மைக்குச் சான்று பகரும்.