தீர்ப்புக்குப் பின் மீளும் சாட்சிகள்

அலீ (ரலி) அவர்களின் முன்னிலையில் இருவர் வந்து, ஒரு மனிதர் திருடியதாகச் சாட்சி பகர்ந்தனர். அதன்படி அவருடைய கை துண்டிக்கப்பட்டது. பின்னர் அவ்விருவரும் வேறொருவரை அழைத்து வந்து, உண்மையில் திருடியவர் இவரே, முன்னவர் விஷயத்தில் நாங்கள் தவறிவிட்டோம் என்றனர். இரண்டாமவருக்கு எதிரான அவர்களின் சாட்சியத்தை அலீ (ரலி) ஏற்கவில்லை. கையிழந்தவருக்குரிய தியத்தை, அதாவது உறுப்புக்கான ஈட்டுத்தொகையை, அவ்விருவர் மீதே சுமத்தினார்கள். வேண்டுமென்றே செய்தீர்கள் என்று அறிந்திருந்தால் உங்கள் கைகளையும் துண்டித்திருப்பேன் என்றும் எச்சரித்தார்கள். இமாம் ஷஅபீ (ரஹ்) வழியாக வரும் இந்நிகழ்ச்சியை இமாம் புகாரி (ரஹ்) தியத் பற்றிய பகுதியில் எடுத்தாண்டுள்ளார்கள்.

தீர்ப்பு வழங்கியபின் காழியின் கை எவ்வளவு தூரம் நீளும் என்ற வினாவுக்கு ஃபுகஹாக்கள் விடை தேடிய இடங்களுள் இதுவும் ஒன்று. சாட்சி சொன்னவர் தாம் சொன்னதை மறுத்து மீள்வதை அவர்கள் 'ருஜூஃ' என்று அழைத்தனர். தீர்ப்புக்கு முன் மீண்டால் சிக்கல் ஏதுமில்லை. சாட்சியம் இல்லாததற்குச் சமம், தீர்ப்பும் இல்லை. தீர்ப்புக்குப் பின் மீண்டால்தான் காழிக்குச் சோதனை. இமாம் நவவி (ரஹ்) 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலில் இதைப் பகுத்துக் கூறுகிறார்கள்: தீர்ப்பு வந்து, நிறைவேற்றம் மட்டும் எஞ்சியிருக்கும்போது சாட்சிகள் மீண்டால், வழக்கு பொருள் பற்றியதாயின் அது நிறைவேற்றப்படும், தண்டனை பற்றியதாயின் நிறுத்தப்படும். நிறைவேறிய பின் மீண்டால் தீர்ப்பு முறிக்கப்படாது.

பொய் என்று சொன்னவரே ஒப்புக்கொண்ட பிறகும் தீர்ப்பு நிற்பதா என்று இன்றைய வாசகர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். மீண்ட சாட்சியிடம் ஒன்றுக்கொன்று முரணான இரு கூற்றுகள் உள்ளன. ஒரே வாயிலிருந்து வந்த அவற்றுள் பின்னது முன்னதைவிட உண்மையானது என்பதற்குச் சான்றில்லை. முன்னதற்கோ தீர்ப்பின் வலு சேர்ந்துவிட்டது. பின்வந்த சொல்லுக்காகத் தீர்ப்பைக் கலைத்தால், தோற்றவர் சாட்சியை விலைக்கு வாங்கும் வழி திறந்துவிடும். எனினும் அச்சொல் வீணாவதில்லை. சாட்சியம் பிறரைக் கட்டுப்படுத்தும். 'இக்ரார்' எனப்படும் ஒப்புதலோ ஒப்புக்கொண்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும். மீண்ட சாட்சியின் கூற்று இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. வழக்கில் வென்றவரிடமிருந்து அதைக் கொண்டு ஒரு திர்ஹமும் பறிக்க முடியாது. சொன்னவரின் கைப்பொருளிலிருந்து முழுவதையும் பெறலாம்.

பொருள் வழக்கில் சாட்சியை ஈடு செய்ய வைப்பது சரியா என்பதிலும் விவாதம் நடந்துள்ளது. சாட்சி மறைமுகக் காரணரே, பொருளை நேரடியாகக் கைமாற்றியது காழியின் தீர்ப்பல்லவா என்பது எதிர்வாதம். இமாம் மர்ஃகீனானீ (ரஹ்) 'ஹிதாயா'வில் தரும் விடை எனக்கு மிகவும் நுட்பமானதாகத் தோன்றுகிறது. நம்பத்தகுந்த சாட்சியம் வந்தபின் தீர்ப்பளிக்கக் காழி கட்டாயப்படுத்தப்பட்டவர். அவர்மீது ஈட்டைச் சுமத்தினால் அப்பதவியை ஏற்க ஒருவரும் முன்வரமாட்டார். வென்றவரிடம் திரும்பப் பெறவும் இயலாது, தீர்ப்பு நிற்கிறது. எனவே சுமை சாட்சியின் தோளில்தான் இறங்கும். ஷாஃபிஈ மத்ஹபிலும் ஈடு கட்ட வேண்டும் என்பதே மேலோங்கிய கருத்து என்று நவவி (ரஹ்) பதிவு செய்கிறார்கள்.

ஈட்டைக் கணக்கிடும் முறை, மீண்டவரை எண்ணாமல் எஞ்சி நிற்பவரை எண்ணுவது. இருவர் சாட்சியத்தால் ஆயிரம் திர்ஹம் தீர்ப்பாகி ஒருவர் மீண்டால் அவர் ஐந்நூறு தர வேண்டும். மூவர் சாட்சி சொல்லி ஒருவர் மீண்டால் அவர்மீது ஒன்றுமில்லை. தேவையான இருவர் இன்னும் நிற்கின்றனர். பிறகு இரண்டாமவரும் மீண்டால், மீண்ட இருவருமாகச் சேர்ந்து ஐந்நூறு கட்டுவர்.

உயிரோ உறுப்போ போன வழக்கில், வேண்டுமென்றே செய்தோம் என்று ஒப்புக்கொண்டவர்மீது கிஸாஸ் உண்டு என்பது ஷாஃபிஈ நிலைப்பாடு. ஹனஃபி அறிஞர்கள் அலீ (ரலி) அவர்களின் கூற்றை அச்சுறுத்தலாகவே கொண்டு, தியத்தோடு நிறுத்தினர். பொய்ச்சாட்சிக்கான தஃஸீரிலும் கருத்து வேறுபாடு உண்டு. அவரைக் கடைத்தெருவிலும் அவர் கூட்டத்தாரிடையேயும் அடையாளம் காட்டி எச்சரித்தால் போதும் என்றார்கள் அபூஹனீஃபா (ரஹ்). காழி ஷுரைஹ் (ரஹ்) கைக்கொண்ட முறையை அதற்கு ஆதாரமாகக் கொண்டார்கள். அடியும் சிறையும் உண்டு என்றனர் அவர்களின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்).

1876இல் முழுமைபெற்ற உஸ்மானியச் சட்டத் தொகுப்பான 'மஜல்லா' இதனை 1728, 1729ஆம் பிரிவுகளில் சட்டமாக்கியது. தீர்ப்புக்கு முன் மீண்டவருக்குத் தஃஸீர். பின் மீண்டால் தீர்ப்பு முறியாது, சாட்சிகள் ஈடு கட்டுவர். துருக்கி 1926இல் அத்தொகுப்பைக் கைவிட்டது.

இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, கையொப்பமிட்ட தீர்ப்பை எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறெதற்கும் அதே நீதிமன்றம் பொதுவாக மாற்றலாகாது என்கிறது (பிரிவு 403). பொய்ச்சாட்சி சொன்னவரைச் சுருக்க விசாரணையில் தானே தண்டிக்க விரும்பும் நீதிமன்றம், அவர் பொய் சொன்னார் என்ற கருத்தைத் தீர்ப்பு வழங்கும் தருணத்திலேயே வெளியிட வேண்டும் (பிரிவு 383). அத்தருணம் கடந்தால் குற்றவியல் நடுவரிடம் எழுத்து மூலம் முறையிடும் வழியே உண்டு. தீர்ப்போடு நீதிபதியின் கை சுருங்குகிறது என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன. ஆனால் இச்சட்டப் பிரிவின் கண் பொய்யருக்குரிய தண்டனை மீது இருக்கிறது. ஃபிக்ஹ் நூல்கள் இழந்தவரின் பொருளிலிருந்து தொடங்குகின்றன.

ருஜூஃ செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: அது காழியின் சபையில் நிகழ வேண்டும். முன்பு தீர்ப்பளித்த அதே காழியாக இருக்க வேண்டியதில்லை. கடைவீதியிலோ வீட்டுத் திண்ணையிலோ, இன்றைய வழக்கப்படி முத்திரைத்தாளிலோ சாட்சி தன் பொய்யை ஒப்புக்கொண்டார் என்று தோற்றவர் வந்து முறையிட்டால், அதற்கு அவர் கொண்டுவரும் சாட்சிகளைக் காழி கேட்கமாட்டார். மறுக்கும் சாட்சியைச் சத்தியம் செய்யுமாறு பணிக்கவும் மாட்டார். இன்ன காழியின் முன் மீண்டார், அவர்மீது ஈடும் விதிக்கப்பட்டது என்று நிறுவ முன்வந்தால் மட்டும் அவ்வாதம் செவிமடுக்கப்படும் என்கிறது ஹிதாயா.