குழாய்க்கும் குறி போடுவோம்

மண்டிக்குப் போகும் எந்த மூட்டையையும் நாம் குறி போடாமல் ஏற்றுவதில்லை. ஒரே லாரியில் பத்துப் பேர் சரக்குப் போனாலும், இறக்குமிடத்தில் எந்த மூட்டை யாருடையது என்ற தகராறு வருவதில்லை. காரணம், மூட்டையின் மேல் இருக்கும் அந்த ஓர் எழுத்து அல்லது எண். ஆனால் அந்தச் சரக்கைச் சுமக்கும் வண்டி பட்டறைக்குப் போகும்போது மட்டும் இந்தப் பழக்கத்தை நாம் கைவிட்டுவிடுகிறோம். எஞ்சினைச் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பர் ஹோஸ்களைக் குறியில்லாமல் கழற்ற விடுகிறோம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கிளாவரையில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கிளாவரையில் ஏற்றும் பூண்டும் காயும் பூண்டி, கவுஞ்சி, மன்னவனூர், பூம்பாறை வழியாகக் கொடைக்கானல் வந்து, பெருமாள்மலை தாண்டி, வத்தலக்குண்டு பக்கமோ பழனி பக்கமோ இறங்கவேண்டும். பூண்டு என்றால் வடுகபட்டிச் சந்தை, காய் என்றால் ஒட்டன்சத்திரம். எதற்குப் போனாலும் கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இறங்கியே தீரவேண்டும். அந்த இறக்கத்தில் பிரேக்குக்குப் பக்கபலமாக இருப்பது ஒரு ரப்பர் ஹோஸ்.

வேக்குவம் எங்கே உண்டாகிறது?

பெரிய லாரிகளில் காற்றை அழுத்தி இயக்கும் ஏர் பிரேக் உண்டு. நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் பிக்கப், டாடா ஏஸ் போன்ற சிறு வண்டிகளில் அப்படி இல்லை. அவற்றில் காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த வெற்றிடத்தின் பலத்தால் பிரேக் மிதியடிக்கு உதவி செய்கிறார்கள். பெட்ரோல் எஞ்சின் இந்த உறிஞ்சலைத் தானாகவே தரும். டீசல் எஞ்சினில் அது போதாது. ஆகவே தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைத்திருக்கிறார்கள். பல வண்டிகளில் அது டைனமோவின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தப் பம்பிலிருந்து ஒரு தடித்த ஹோஸ் பிரேக் பூஸ்டருக்குப் போகும். பூஸ்டர் என்பது டிரைவர் மிதியடிக்கு முன்னால், பானட்டுக்குள் தெரியும் பெரிய வட்டத் தகரப் பெட்டி. இதே பம்புக்கு எஞ்சின் ஆயில் வரும் மெல்லிய குழாய் ஒன்றும், ஆயில் திரும்பிப் போகும் ஹோஸ் ஒன்றும் உண்டு. புதிய வண்டிகளில் டர்போவைக் கட்டுப்படுத்தவும், புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வை இயக்கவும் சிறிய வேக்குவம் டியூப்கள் ஓடுவதுண்டு. 2017-ல் பி.எஸ்.4, 2020-ல் பி.எஸ்.6 என்று புகை விதிகள் கடுமையானதிலிருந்து, பானட்டுக்குள் குழாயும் ஒயரும் பெருகிவிட்டன. எல்லாம் ஒரே கறுப்பு நிறம்.

மாறினால் என்ன ஆகும்?

பூஸ்டருக்குப் போகும் வழியில் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. சில வண்டிகளில் அது ஹோசுக்கு நடுவில் இருக்கும். சிலவற்றில் பூஸ்டரின் வாயிலேயே இருக்கும். காற்று பூஸ்டரிலிருந்து பம்பை நோக்கி மட்டுமே போகவேண்டும். நடுவில் இருக்கும் வால்வைத் திருப்பி மாட்டிவிட்டால் பூஸ்டருக்கு உறிஞ்சல் கிடைக்காது. மிதியடி கல்லாக இருக்கும். ஆயில் ஹோசும் வேக்குவம் ஹோசும் மாறினாலோ, பூஸ்டருக்குள் ஆயில் புகுந்து ரப்பர் ஊறிக் கெடும். டர்போவின் டியூப் விட்டுப்போனால் ஏற்றத்தில் வண்டி இழுக்காது, ஈ.ஜி.ஆர். டியூப் மாறினால் கரும்புகை தள்ளும். அப்போது பழுதில்லாத பம்பையும் டர்போவையும் மாற்றி, வீணாகப் பணம் செலவழிப்பவர்கள் உண்டு.

மலையில் கூடுதல் ஆபத்து

வெற்றிடத்தின் பலம் என்பது உண்மையில் வெளிக்காற்றின் பலம்தான். மேலே போகப் போக அது குறையும். 1648-ஆம் ஆண்டு பிரான்சில் பாஸ்கல் என்ற அறிஞர், தம் அக்காள் கணவரைப் பாதரசக் குழாயோடு ஒரு மலையில் ஏறச் சொன்னார். உச்சியில் பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. கணக்கு எளிது: ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலப் பாதரசம் குறையும். கடல் மட்டத்தில் 30 அங்குலம் என்றால், ஏழாயிரம் அடி உயரமுள்ள கொடைக்கானலில் 23 தான். அதாவது பூஸ்டரின் உதவி நாலில் ஒரு பங்கு குறைந்த நிலையில்தான் நம் வண்டி இறக்கத்தைத் தொடங்குகிறது. அத்துடன் ஹோசில் ஒரு கீறலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. கீழே 26 காட்டிய வேக்குவம் மீட்டர் மேலே 20 தான் காட்டும். அதைப் பார்த்துப் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டவேண்டாம்.

குறி போடும் முறை

பெரிய வேலை என்றால் சிலிண்டர் ஹெட் லேத்துக்குப் போகும். வண்டி நாலு நாள் நிற்கும். கழற்றியவர் ஒருவர், மாட்டுகிறவர் வேறொருவர் என்று ஆகும். ஆகவே கழற்றும் முன்பே, "அண்ணே, ஒரு நிமிஷம், குறி போட்டுக்கலாம்" என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்படமாட்டார்.

1. எஞ்சின் ஆறியபின் ஹோசின் முனைகளைத் துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் எந்த டேப்பும் நிற்காது.

2. ஒவ்வோர் இணைப்புக்கும் இரண்டு குறி: ஹோசின் முனையில் ஒன்று, அது செருகியிருக்கும் மூக்கின் அருகில் அதே எண் இன்னொன்று. ஹோசில் மட்டும் எண் இருந்தால் அது முகவரி இல்லாத மூட்டை போலத்தான்.

3. ஒருவழி வால்வில் பம்பை நோக்கி ஓர் அம்புக்குறி போடுங்கள்.

4. துணி டேப்பும் அழியாத மார்க்கர் பேனாவும் போதும். கடையில் விலை ஒட்டும் ஸ்டிக்கர் உதவாது. சூடு அதிகமுள்ள பக்கத்தில், பழைய டின் தகட்டைத் துண்டாக வெட்டி, ஆணியால் எண் குத்தி, கம்பியால் கட்டலாம். ஃபேனிலும் பேட்டரி முனையிலும் அது படக்கூடாது. வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடவேண்டும்.

5. கைபேசியில் நாலு பக்கமிருந்தும் படம் எடுங்கள். அதோடு நிற்காமல், எண் எதற்கு என்று ஒரு தாளில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். அடுத்த தடவை அதுவே கணக்குப் புத்தகம்.

வெடித்த ஹோசை மாற்றும்போது, தடித்த சுவருள்ள வேக்குவம் ஹோசையே கேட்டு வாங்குங்கள். தண்ணீர் டியூபைப் போட்டால் உறிஞ்சலில் அது சப்பிப்போய் வழி அடைந்துவிடும்.

வண்டி எடுக்கும் முன் சோதனை

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள், மிதியடி இறுகும். காலை எடுக்காமல் எஞ்சினை ஓட்டுங்கள். மிதியடி சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் வண்டியைப் பட்டறையை விட்டு எடுக்கக்கூடாது. பிறகு எஞ்சினை நிறுத்தி, இரண்டு நிமிடம் கழித்து மிதித்துப் பாருங்கள். முதல் மிதியே கல்லாக இருந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. "உஸ்" என்ற சத்தம் எங்கே வருகிறது என்றும் காது கொடுத்துக் கேளுங்கள்.

டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடும் டிரைவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்கு மேல் வராது. பெருமாள்மலைக்குக் கீழே எத்தனை வளைவு என்று நமக்குத் தெரியும். ஒரு லிட்டர் டீசலை மிச்சம் பிடிக்க அந்த வளைவுகளைப் பணயம் வைப்பது வியாபாரம் ஆகாது.

ஒரு சுருள் டேப், ஒரு பேனா, கால் மணி நேரம். இவ்வளவுதான் செலவு. சரக்குக்குக் காட்டும் கவனத்தை, அந்தச் சரக்கோடு இறங்கிவரும் டிரைவருக்கும் சுமைதூக்கும் தோழர்களுக்கும் நாம் காட்டவேண்டும்.